நாட் பேட் என்றால் பரவாயில்லை

ஊசி என்பது அவளுடைய பட்டப்பெயர். யார் வைத்தது என்று அவளுக்கே நினைவில்லை. ஆள் ஒல்லி, பேசினால் சத்தம் வராது, கையில் எந்நேரமும் ஊசி இருக்கும். எதைப் பார்த்து வைத்திருந்தாலும் பொருந்தும் என்பதால் அவளும் மறுக்கவில்லை. வயதில் சின்னவர்கள் ஊசியக்கா என்பார்கள். பட்டறையில் கட்டிங் மாஸ்டர் ஊசிம்மா என்பார். வீட்டுக்காரர் மட்டும் எந்தப் பெயரும் சொல்லமாட்டார். "இந்தா" என்பார், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் பிறந்த வீட்டில் பாராட்டுகிற பழக்கமே கிடையாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொல்வார்கள். சரியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் டிக்குக்கு மொழி கிடையாது. அம்மா படுத்த படுக்கையானதும் எட்டாவதோடு படிப்பு நின்றது. ஏபிசிடி முழுதாகத் தெரியும். அதற்கு மேல் ஆங்கிலம் என்றால் நூல் கண்டு அட்டையில் இருப்பது, துணி மூட்டையில் அச்சடித்திருப்பது, அவ்வளவுதான்.

வாக்கப்பட்டு வந்த இடத்திலும் அதே கதை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சமையல் பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டாலும் "ம்"தான். நீளத்தில்தான் வித்தியாசம். அந்த நீளத்தை அளக்க ஊசி பழகிக்கொண்டாள். வார்த்தையை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை. புருவம் எங்கே ஏறுகிறது, உதட்டோரம் எப்போது இழுபடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தானோ என்னவோ, பொம்மைக்கு முகம் தைக்கிற வேலை அவளுக்கு அமைந்தது.

பட்டறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் வரும், கதவைத் தாண்டினால் புதுத்துணி வாசனை. முதல் அறையில் துணி வெட்டுவார்கள். அடுத்த அறையில் தையல் மெஷின்கள். அதற்கடுத்து பஞ்சு அடைக்கிற அறை. அங்கே ஜன்னலைத் திறக்க முடியாது, திறந்தால் பஞ்சு பறக்கும். மூடினால் மூக்குக்குள் போகும். ஊசி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறையில்தான் இருந்தாள். இருமி இருமி விலா வலித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பஞ்சுப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க" என்றார். அப்புறம்தான் மாஸ்டர் அவளை முகம் தைக்கிற மேஜைக்கு மாற்றினார்.

அந்த மேஜைக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிவிட்டார். ஒரு முகத்தை ஒரு தடவை கையால் தைத்துக் கொடுத்தால் போதும், அதைப் படம் பிடித்து ஏற்றிவிட்டால் மெஷின் அதே வாயை, அதே புருவத்தைத் தூங்காமல் போட்டுக்கொண்டே இருக்கும். முகம் தைத்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஊசியும், அவள் வீட்டுக்காரரின் தங்கையும்தான்.

நாத்தனார் பெயர் ரேடியோ. அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் இரவு போர்வைக்குள்ளிருந்தும் பேச்சு வரும். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். ஊசியைவிடப் பல வயது சின்னவள். அவளைப் பட்டறைக்குக் கூட்டிவந்ததே ஊசிதான். எதைப் பார்த்தாலும் சூப்பர் என்பாள். டீ சூப்பர், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது சூப்பர், பக்கத்து வீட்டுக்காரி போட்ட சண்டை சூப்பர். அவள் வாயிலிருந்து வருகிற சூப்பருக்கு வீட்டில் மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

மாஸ்டர் ஒருநாள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "சாம்பிள் மேஜைக்கு இனி ஒரு ஆள் போதும்னு முதலாளி சொல்லிட்டார். அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து மேடம் வராங்க. புது பொம்மைக்கு முகம் பார்க்கிறாங்க. நீங்க ஆளுக்கு ஒண்ணு தைங்க. யாரோடது அவங்களுக்குப் பிடிக்குதோ அவங்க அந்த மேஜையில உட்காரட்டும்."

"இன்னொரு ஆளு?" என்றாள் ரேடியோ.

"பஞ்சுக்கு ஆள் குறையுது" என்றார் மாஸ்டர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். வழி நெடுக ரேடியோதான் பேசினாள். "அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க, ஜெயிக்கப்போறது நீங்கதான். ஆனா நானும் நல்லாத்தான் தைக்கப்போறேன், அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது." ஊசி தலையாட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சுக்குள் பஞ்சு போன மாதிரி இருந்தது. அதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் விட்டுக்கொடு என்று கேட்பது போல் ஆகும். சொல்லாவிட்டால் மறைத்தது போல் ஆகும். எது சரி என்று தெரியாமல் நாட்கள் போயின.

மேடம் வந்தார். கழுத்தில் ஒரு சங்கிலி, அதன் நுனியில் கண்ணாடி தொங்கியது. பார்க்க வேண்டியதைப் பார்க்கும்போது மட்டும் மூக்கில் ஏற்றிக்கொள்வார். பட்டறைக்குள் நுழைவதற்குள் பெண்கள் அவருக்குக் கண்ணாடி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாம்பிள் அறையில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். முகத்தை யாராவது படம் பிடித்து அடுத்த கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். வாசலில் ஒரு டப்பா, எல்லோருடைய போனும் அதற்குள். அதற்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: போன் எடுத்தால் ஃபைன். தாமதமாக வந்தால் ஃபைன்.

மேடம் முதலில் ரேடியோவின் பொம்மையை எடுத்தார். காது வரை சிரிக்கிற வாய், வட்டக் கண், கன்னத்தில் இரண்டு புள்ளி. பார்த்ததும் மேடத்தின் குரல் ஏறியது. "ஓ, இன்ட்ரஸ்டிங்! வெரி இன்ட்ரஸ்டிங். ஹவ் நைஸ்!" என்றார். ரேடியோவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

அடுத்து ஊசியின் பொம்மை. அதற்கு அவள் அதிகம் ஒன்றும் செய்திருக்கவில்லை. சின்ன வாய், ஒரு பக்கம் இத்தனூண்டு தூக்கல், அதற்கேற்ற புருவம். கண்ணுக்குக் கறுப்பு மணி. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். திருப்பினார். வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. ஊசி அவர் முகத்தையே கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் ஏறவில்லை, உதடு அசையவில்லை. வெளிநாட்டு முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மேடம், "நாட் பேட்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாட் பேட் அட் ஆல்" என்றார். பொம்மையை மேஜையில் வைத்துவிட்டு முதலாளியோடு சாப்பிடப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் எல்லோரும் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அது அளவு ஆங்கிலம். அகலம், நீளம், விளிம்புக்கு எவ்வளவு விடுவது, எத்தனை டஜன், எப்போது லாரி ஏற்றுவது. அதில் அவரை யாரும் அசைக்க முடியாது. மனசில் இருப்பதைச் சொல்கிற ஆங்கிலம் அவர் பக்கம் வந்ததில்லை.

"இன்ட்ரஸ்டிங்னா ஆர்வமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். "அதுவும் வெரி போட்டுச் சொன்னாங்க. அப்புறம் நைஸ் வேற."

"போட்டுத் தாக்கு!" என்று ரேடியோ குதித்தாள். "சூப்பர்! அண்ணி, கேட்டீங்களா? வெரியாம்! நைஸாம்!"

"அப்ப ஊசியக்காவோடது?" என்று யாரோ கேட்டார்கள்.

மாஸ்டர் ஊசியைப் பார்த்தார். அவளுக்கும் அவருக்கும் பல வருடப் பழக்கம். அவள் நெஞ்சுக் கதையும் அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னார். "உனக்கு... பரவாயில்லைன்னாங்க, ஊசிம்மா."

பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தை நம் வாயில் எத்தனை வேலை செய்கிறது! காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. பரீட்சையில் தேறாத பிள்ளையைத் தட்டிக்கொடுத்து பரவாயில்லை. காய்ச்சல் இறங்கினால் இப்ப பரவாயில்லை. மருமகள் சமையலைச் சுவைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினால் பரவாயில்லையே! இதில் எது தனக்கு வந்தது என்று ஊசி யோசித்தாள். மாஸ்டர் குரலில் இருந்தது ஆறுதல். அதுவுமில்லாமல் பேட் என்கிற வார்த்தையை அவள் தன் காதாலேயே இரண்டு தடவை கேட்டிருந்தாள். பேட் என்றால் கெட்டது, அது குழந்தைக்குக்கூடத் தெரியும். 'போனால் போகட்டும் விடும்மா' என்கிற பரவாயில்லைதான் இது என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்று தள்ளிய முகத்தை அப்படியே வைத்திருக்கக் கூடாது, உடனே பிரித்துவிட வேண்டும். முன்பு ஒரு தடவை, தள்ளிப்போட்ட ஒரு மாறுகண் பூனையின் முகம் தவறிப்போய் மெஷினில் ஏறிவிட்டது. மூட்டை மூட்டையாக மாறுகண் பூனைகள் வெளியே வந்தன. அன்றிலிருந்து இது சட்டம்.

ஊசி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். "வாங்க அண்ணி" என்று ரேடியோ கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போ, வரேன்" என்றாள். பிரிக்கிற கொக்கியை எடுத்து, வாயின் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினாள். இழை இழையாக எடுத்தாள். புருவத்தையும் எடுத்தாள். எதையும் அரைகுறையாக விட அவளுக்குக் கை வராது. ஊசி போன துளைகளை நகத்தால் நீவி, ஈரத்துணியால் ஒற்றி, ஸ்டீம் காட்டினாள். துணி பழையபடி மொழுமொழுவென்று ஆனது. இரண்டு கறுப்பு மணிகள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. எடுத்த நூலைக் குப்பையில் போட்டாள். அழுகை வரவில்லை. பஞ்சு அறைக்கு வாயில் கட்டிக்கொள்ள வீட்டில் எந்தத் துணி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்த சமயம், மாஸ்டர் வாசல் டப்பாவிலிருந்து எடுத்த போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ஊசிம்மா! உன் பொம்மையக் குடு! முதலாளி போன் பண்ணார். மேடம் வந்ததும் கையோட எடுத்துட்டுப் போறாங்களாம்."

"எந்தப் பொம்மை?"

"உன் பொம்மைதான். அதுதான் பிடிச்சிருக்காம். சாப்பிடும்போதும் அதைப் பத்தியேதான் பேசினாங்களாம்."

ஊசி பொம்மையைத் தூக்கிக் காட்டினாள். மாஸ்டர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"வாய் எங்க?"

"பிரிச்சுட்டேன்."

"ஏன்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் எப்ப பிரிக்கச் சொன்னேன்? பரவாயில்லைன்னுதானே சொன்னேன்!"

"அதான் பிரிச்சேன்."

"அடக் கடவுளே! பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்மா!"

"அப்ப நல்லா இருக்குன்னே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். பேட்னு வேற காதுல விழுந்துச்சு."

"நாட் பேட்! கெட்டதில்லை! அட் ஆல் வேற போட்டாங்க. அட் ஆல் போட்டா ரொம்ப நல்லா இருக்குன்னு முதலாளி இப்பத்தான் சொல்றார். அவங்க ஊர்ல அப்படித்தான் பாராட்டுவாங்களாம்."

"கெட்டதில்லைன்னு சொல்லியா பாராட்டுவாங்க?" என்று மெஷின்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அப்ப வெரி இன்ட்ரஸ்டிங்?" என்றாள் ரேடியோ.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அது... வேணாம்கிறத மரியாதையாச் சொல்றதாம்."

"மரியாதையா வேணாம்னாங்களா? பல்லைக் காட்டிச் சிரிச்சாங்களே! நைஸ்?"

"நைஸும் அதே கணக்குதானாம்."

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பட்டறையில் அவள் பேச்சு நின்று யாரும் பார்த்ததில்லை. இதற்குள் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவின் பொம்மையை எடுத்தார். "வேற வழியில்லை. முகம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையே குடுத்து, இதைத்தான் நினைச்சோம்னு சமாளிச்சுப் பார்க்கலாமா?"

ஊசி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு நிமிடத்துக்குள் என்னென்னவோ வந்து போனது. ஆசை வந்தது. கோபம் வந்தது, அது யார் மேல் என்று தெரியவில்லை. பார்த்தே பழகிய ஊசிக்கு அன்றைக்கு அந்த முகமும் புரியவில்லை.

"வச்சுத் தொலைங்க மாஸ்டர் அதை" என்றாள் ரேடியோ. "அண்ணி, நூலைக் கோர்த்துக்கங்க. திரும்பப் போடுங்க."

"எப்படிப் போட்டேன்னு எனக்கே நினைவில்லடி."

அது பொய்யில்லை. கை பாட்டுக்குப் போட்டது. எதைப் பார்த்து அந்த மேடம் நாட் பேட் சொன்னார் என்று தெரிந்தால் அதையாவது திரும்பக் கொண்டுவரலாம். வாயா, புருவமா, வாய்க்கும் மூக்குக்கும் விட்ட இடமா? கெட்டதில்லை என்றுதானே சொன்னார்? எது கெட்டதில்லை என்று சொல்லவில்லையே.

"எனக்கு நினைவிருக்கு" என்றாள் ரேடியோ. "இந்த வாரம் பூரா உங்க பொம்மையத்தான் எட்டி எட்டிப் பார்த்துட்டிருந்தேன், எங்க ஜெயிச்சுடுவீங்களோன்னு. வாய் இப்படி இருந்துச்சு, பாருங்க."

முக்காலியை இழுத்துப் போட்டு ஊசிக்கு எதிரே உட்கார்ந்தாள். உதடுகளை மூடினாள். இடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். புருவத்தை லேசாகச் சுருக்கினாள். அப்படியே உறைந்தாள்.

ஊசி நூல் கோர்த்தாள். எதிரே ரேடியோவின் முகம், மடியில் வெறும் முகம். அங்கே பார்த்து இங்கே குத்தினாள். பேச முடியாமல் ரேடியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மட்டும் எல்லாவற்றையும் பேசியது. "அசையாதே" என்று ஊசி சொன்னபோது மூக்கால் "ம்ம்" என்றாள். கன்னம் நடுங்கத் தொடங்கியது. உதட்டோரம் கொஞ்சம் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தைத் தைப்பதா, முன்பிருந்த ஏற்றத்தைத் தைப்பதா என்று தெரியாமல் ஊசி இரண்டுக்கும் நடுவே ஒரு தையல் போட்டாள். முதல் பொம்மை இப்படி இருந்ததா? இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடிக்கும்போது படியில் செருப்புச் சத்தம்.

கண்ணாடி மேடம் பொம்மையை வாங்கினார். கண்ணாடியை ஏற்றினார். ஏதோ யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். பொம்மையைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு, "ஃபைன்" என்றார். "தட்ஸ் ஃபைன்."

ஊசி வாசல் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஃபைன் என்ற வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களே! சாம்பிளைப் பிரித்தது தெரிந்துவிட்டது, ஃபைன் போடுகிறார். எப்போதும் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள். "மேடம், தெரியாம பிரிச்சுட்டேன் மேடம். வேணும்னு செய்யல. இது வேற பொம்மை மேடம், பழசு இல்ல. மன்னிச்சுக்கங்க."

மேடம் புன்னகையோடு முதலாளியைப் பார்த்து ஏதோ கேட்டார். இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். முதலாளி கண் இமைக்காமல் பதில் சொன்னார். அதில் தேங்க்ஸ் என்ற ஒரு வார்த்தை ஊசிக்குக் கேட்டது.

"லவ்லி" என்றார் மேடம். ஊசியின் தோளைத் தட்டினார். பொம்மையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"தட்டிக் கழிச்சாங்களா, தட்டிக்கொடுத்தாங்களா?" என்று மெஷின்காரப் பெண் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. முதலாளி மட்டும், "சாம்பிள் மேஜை உனக்குத்தான்மா" என்று ஊசியிடம் சொல்லிவிட்டு அவசரமாக மேடத்தின் பின்னால் இறங்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. ஊசியின் மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் ஆள். அவளை நடுவில் உட்கார வைத்தார்கள்.

"நாட் பேட் பெருசா, ஃபைன் பெருசா?" என்று கேட்டாள் ஊசி.

"ஃபைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்மா. நாட் பேட்னா மோசமில்லை."

"அப்ப ரெண்டாவது பொம்மை முதலாவதைவிட நல்லா இருக்கா?"

மகள் யோசித்தாள். "அப்படியும் சொல்ல முடியாது. அட் ஆல் இருக்கே. ஃபைனைச் சும்மா சொன்னா, சரி, இருந்துட்டுப் போகட்டும்னு அர்த்தம். எப்படிச் சொன்னாங்க? சொல்லிக் காட்டும்மா."

ஊசி வெட்கத்தோடு, "ஃபைன்" என்றாள்.

"இல்ல அண்ணி, இழுத்தாங்க. ஃபை...ன்" என்றாள் ரேடியோ.

"இழுக்கல. வெட்டினாங்க. ஃபைன்."

"இழுத்தா ஒரு அர்த்தம், வெட்டினா ஒரு அர்த்தம்" என்றாள் மகள். "எனக்குக்கூட டீச்சர் கட்டுரைல ஃபேர்னு போட்டாங்க. நல்லாருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். கடைசில பார்த்தா அது 'குட்'டுக்கும் கீழயாம்."

"ஃபேர்னா சிவப்பா இருக்கிறதில்ல?" என்றாள் ரேடியோ.

"ஐயோ அத்தை!"

லிஃப்ட் மெக்கானிக் சட்டையைக் கழற்றி மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "லிஃப்ட்டுல ஏறுறவனுக்கு எந்த மாடில நிக்கிறோம்னு எழுத்து காட்டணும், மேல போகுதா கீழ போகுதான்னு அம்பு காட்டணும். இல்லேன்னா எவனும் ஏறமாட்டான். இந்த ஆளுங்க அம்பே இல்லாம வார்த்தை செஞ்சு வச்சிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஊசியும் சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது, லவ்லி எதற்கு வந்தது என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொம்மைக்கா, முதலாளி இட்டுக்கட்டிய நன்றிக்கா? முகம் மாறியதை அந்த மேடம் கண்டுபிடித்தாரா இல்லையா? கண்டுபிடித்துப் பேசாமல் இருந்தார் என்றால் அது அவள் பிறந்த வீட்டு மாதிரியான பேசாமையா, வேறு மாதிரியா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்தில் நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்த ரேடியோவிடம், "நாளைக்கு நான் மாஸ்டர்கிட்ட பேசறேன். நீ பஞ்சுக்குப் போக வேணாம்" என்றாள்.

"என்னன்னு பேசுவீங்க? சும்மா இருங்க அண்ணி. எனக்கு இருமல் இல்ல, உங்களுக்கு இருக்கு. எனக்கு அது தெரியாதுன்னா நினைச்சீங்க? ராத்திரி நீங்க இருமுறது சுவர் வழியா எனக்குத்தானே கேக்கும்." தட்டை அடுக்கில் வைத்தாள். "ஆனா ஜெயிக்கணும்னுதான் தைச்சேன். அதையும் சொல்லிடறேன்."

ஊசி மறுநாள் மாஸ்டரிடம் போய் நின்றாள். பஞ்சு அறைப் பக்கம் கையைக் காட்டினாள். மாஸ்டரே புரிந்துகொண்டு, "எல்லாம் முதலாளி முடிவும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

சாம்பிள் மேஜை ஜன்னலோரம் இருந்தது. நல்ல வெளிச்சம், முதுகு சாய்க்க நாற்காலி. மேடம் புறப்படுமுன் முதலாளி எடுத்துவைத்த படத்தை ஏற்றியதும், பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் மெஷின் கடகடவென்று அந்த வாயைப் போடத் தொடங்கியிருந்தது. முதல் தட்டு முழுக்க முகங்கள் வந்தன. பெண்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். சிரிக்குது என்றாள் ஒருத்தி. இல்லை, ஏதோ கேக்க வந்துட்டு முழுங்குது என்றாள் இன்னொருத்தி. ஊசி உற்றுப் பார்த்தாள். ரேடியோவின் உதடுதான் அது. பேச வந்து அடக்கிக்கொண்ட உதடு. ஆனால் அது சிரிக்கப் போகிறதா, வேறெதாவது செய்யப் போகிறதா என்று தைத்தவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் அந்த முகங்களெல்லாம் உடம்போடு தைக்கப்பட்டுப் பஞ்சு அறைக்குப் போயின. இடையில் ஒரு மெல்லிய தடுப்புதான். ரேடியோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே பேசுவது அமுங்கலாகக் கேட்டது. "என் வாயைப் பாருங்கடி, என் வாய்! எத்தனை வாய் இருந்து என்ன, ஒண்ணாவது பேசுதா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசி புது முகத்துக்குத் துணி எடுத்து வளையத்தில் மாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. அடுத்து ஒரு சத்தம் வந்தது, திக்கித் திக்கி, விட்டுவிட்டு. ஊசியின் கை நின்றது. துணி கட்டிய வாய்க்குள்ளிருந்து வருவதால் அது சிரிப்பா இருமலா என்று பிடிபடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டாள். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. முடிவது வேறு மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும். துணியில் ஊசியைக் குத்தி வைத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பஞ்சு அறைக் கதவைத் திறந்தாள்.